அறுக்காமல் அவிழ்த்த மிதவை

இன்று காலை படகில் ஏறிய முதலாளி, சுக்கானுக்கு மேலே தொங்கும் உன் மிதவையைக் காட்டி, "அந்தக் குப்பையை எதுக்குய்யா இன்னும் வச்சிருக்க? தூக்கிக் கடல்ல போடு" என்றார். கழற்றினேன். போடத்தான் கழற்றுகிறேன் என்று நினைத்திருப்பார். முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் வாசனை என்றோ போய்விட்டது, இப்போது உப்பும் டீசல் நாற்றமும்தான். ஆனால் நீ இடக்கையால் வரைந்த கோணல் நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது மச்சான்.

அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம். "சனிக்கிழமை கடலுக்குப் போக டோக்கன். இந்தத் தடவையும் கோட்டுக்கு இங்கனயே சுத்திட்டு வெறும் ஐஸோட வந்தேன்னு வையி, நான் வேற டிரைவர் பாத்துக்கிறேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கரையிலிருந்து எல்லைக்கோடு வரை இருக்கிற கொஞ்சத் தண்ணீரை நாங்கள் எல்லோரும் எத்தனை வருஷமாக இழுவை மடி வலை போட்டு வழித்திருக்கிறோம்! அங்கே இனி என்ன மிச்சம் இருக்கும்?

நீ முகாமில் இருந்த காலத்தில் இந்தக் கோட்டைப் பற்றி நாம் பேசியதே இல்லை. யுத்தத்துக்குத் தப்பித் தலைமன்னாரிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்திருந்தாய். முகாம்காரர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், கரையில் உட்கார்ந்து எங்கள் வலைக் கிழிசல்களைப் பொத்துவாய். "ஏலே இடக்கையா" என்று நான் கூப்பிட்டால், "வலக்கைக்காரனுக்கு இந்த முடிச்சு வராதடா" என்று சிரிப்பாய். மிதவையை வலையில் கட்டும் அந்த முடிச்சை எனக்குச் சொல்லித் தர உனக்கு ஒரு மாதம் பிடித்தது. இழுக்க இழுக்க இறுகும். சுண்டுவிரலை உள்ளே விட்டு இடப்பக்கம் தள்ளினால்தான் அவிழும். "என்ர அப்பரும் நானும் இப்ப நீயும். வேற ஒருத்தனுக்கும் தெரியாது" என்றாய். எனக்கு அது ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

யுத்தம் முடிந்து நீ ஊர் திரும்பினாய். நான் அழுதேன், நீ அழவில்லை. "கூப்பிடு தூரம்தானேடா" என்றாய்.

பிறகு உன்னைப் பார்த்தது உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோர்ட்டில். மீனைத் துரத்திக்கொண்டு கோட்டைத் தாண்டினேன், ரோந்துக் கப்பல் பிடித்துக்கொண்டு போனது. கட்டிக்கொள்ள ஒரு சாரமும் இரண்டு சோப்புக் கட்டியும் வாங்கிக்கொண்டு நீ வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இது இரண்டு நாடும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட எல்லை, இந்த முறை விடுகிறோம், மறுபடி பிடிபட்டால் சிறைதான் என்று சொல்லி விட்டார்கள். வெளியே வந்ததும் நீ மெதுவாகச் சொன்னாய்: "நாடுகள் கையெழுத்துப் போட்டிட்டுப் போயிடும் மச்சான். அதைக் காப்பாத்திறது சுக்கான் பிடிக்கிற கைதான். உங்கட பெரிய படகு வந்தா எங்கட சின்ன வலை தாங்காது." நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

அப்புறமும் போனேன். வெட்கங்கெட்டவன், வேறென்ன சொல்ல? ஒரு விடியற்காலை, கோட்டைத் தாண்டுகிறாய் என்று ஜிபிஎஸ் கருவி கத்தக் கத்த அதன் வாயை அடைத்துவிட்டு மடி வலையை இழுத்தேன். படகின் அடியில் சுழலும் விசிறியில் என்னவோ சுற்றி இன்ஜின் திணறியது. யாரோ போட்டிருந்த நண்டு வலை. "அறுத்து விடுங்கப்பா, சீக்கிரம்" என்று நான்தான் கத்தினேன். ஆட்கள் கத்தியைப் போட்டு அறுத்தார்கள். கடைசித் துண்டோடு, உன் முடிச்சில் கட்டிய இந்த நட்சத்திர மிதவை மேலே வந்தது.

கத்தியோடு வந்தவனைத் தள்ளிவிட்டு, சுண்டுவிரலை விட்டு முடிச்சை அவிழ்த்தேன். அதை மட்டும் அறுக்க மனசு வரவில்லை. உன் வலையையே நாசமாக்கிவிட்டு, முடிச்சுக்கு மரியாதை செய்கிறேனாம்! அவிழ்ந்த கயிற்றோடு வலையைக் கடலிலேயே விட்டு, மிதவையை மடியில் வைத்துக்கொண்டு படகைத் திருப்பினேன்.

மறுநாள் உன் குரல் வாட்சப்பில் வந்தது. "மச்சான், நேற்று விடிய என்ர வலையில ஒரு படகு ஏறிட்டுது. அது உன்ர படகோ?" மிதவை என் பக்கத்தில்தான் கிடந்தது. "நாங்க நேத்து அந்தப் பக்கமே வரல மச்சான்" என்று பதில் பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரியடா, கவனம்" என்று மட்டும் வந்தது.

அதன்பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மூன்று மாதத்தில், நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று உன் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள். பாஸ்போர்ட் கிடையாது. கடல் வழியாக வந்தால் சிறை. பஸ் ஏறி தனுஷ்கோடி முனைக்குப் போய் நின்றேன். உன்னை அடக்கம் செய்கிற நேரத்தில் என் செல்போன் உங்கள் நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு, உங்கள் நாட்டுக்கு என்னை வரவேற்பதாகச் செய்தி காட்டியது. அதைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல வந்தது.

அன்றிலிருந்து கருவி கத்துமுன்பே திருப்பிவிடுகிறேன். போன மாதம் படகுத் துறையில் ஓர் அதிகாரி கூட்டம் போட்டு, "உலகக் கடல் சட்டத்துக்கு நம்ம நாடு கட்டுப்பட்டிருக்கு, எல்லையை மதிங்க" என்றார். "நாடு கட்டுப்பட்டது சரிங்க சார், மீன் கட்டுப்பட மாட்டேங்குதே!" என்று ஒருவர் எழுந்து கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் படகில் ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கடலுக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்புக்கும் உங்கள் ஊர் வலைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

முதலாளி போனதும் மனசு தாங்காமல் உன் நம்பருக்கே பேசி அனுப்பினேன். "மச்சான், அது என் படகுதான். என்னை மன்னிச்சிரு." மதியம் அதே நம்பரிலிருந்து உன் மனைவியின் குரல் வந்தது.

"அவருக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. மற்றக் கயிறெல்லாம் அறுந்து கிடந்தது, மிதவைக் கயிறு மட்டும் அறுபடாம அவிழ்ந்து கிடந்தது. 'அவன்தான்' எண்டு சொல்லிச் சிரிச்சவர். பிறகுதான் உங்களிட்டக் கேட்டவர்."

தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாய். நான் "ஆமா" என்று சொல்லட்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாய். நான் வரவே இல்லை என்றேன். பாவி.

நாளை சனிக்கிழமை. முதலாளியிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. படகை விடவும் முடியவில்லை, கோட்டைத் தாண்டவும் முடியவில்லை. சாயங்காலம் போய் மிதவையை மறுபடி கட்டிவிட்டு வந்தேன், இந்த முறை சுக்கானிலேயே, உன் முடிச்சால். வேறு டிரைவர் வந்தால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அவனுக்கு அவிழ்க்கத் தெரியாது.