பதினொரு தலையணைகளும் ஒரு காகமும்

மார்ச் 3, திங்கள்

மேலாளர் இன்று கூப்பிட்டுக் கேட்டே விட்டார். "மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்கம்மா. மறுபடி வெளிவேலைக்குப் போறீங்களா, இல்ல மேசையோடவே இருந்துடுறீங்களா? நீங்க போகலன்னா அந்த இடத்துக்கு வேற ஆளப் போடணும்."

பத்தொன்பது வருடம் லிஃப்ட் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவள் நான். போன வருடம் ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது ஏணியிலிருந்து வழுக்கினேன். நாலே நாலு படி. தோள்பட்டை எலும்பு முறிந்தது, கூடியது. "எலும்பெல்லாம் இரும்பாட்டம் இருக்கு" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் நான் அன்றிலிருந்து மேசையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் எழுதும் அறிக்கைக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு மாடிப்படியைக்கூட எண்ணி எண்ணித்தான் இறங்குகிறேன். பதினாறு.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னத்தை யோசிக்க?

மார்ச் 4, செவ்வாய்

தோளுக்காகச் சேர்ந்த யோகா வகுப்பு. டீச்சருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. எலும்பே இல்லாத மாதிரி வளைவாள். மனசுக்குள் நான் வைத்த பெயர் ரப்பர்.

இன்று காகாசனம். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, முழங்காலை மேற்கையில் முட்டுக்கொடுத்து, முன்னால் சாய்ந்துகொண்டே போகவேண்டும். ஒரு கட்டத்தில் பாதம் தானாகத் தரையை விடுமாம். என் பாதத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பக்கத்துப் பாயில் தபால்காரர். தொப்பையும் அவருமாக மூன்று தடவை தொப்பென்று விழுந்தார், மூன்று தடவையும் சிரித்தார், நாலாவது தடவை காகமாகவே நின்றுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையில பலம் இருக்கு. மனசுதான் பிரேக் போடுது" என்றாள் ரப்பர்.

பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதுதானம்மா என் தொழிலே.

மார்ச் 6, வியாழன்

இன்றும் காகம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் முயற்சி. தொழில்முறைப்படி முதலில் ஆபத்துகளைப் பட்டியல் போட்டேன்: மூக்கு, பல், மறுபடி தோள். பிறகு சோபாவில் இருந்தது, கட்டிலில் இருந்தது என்று எல்லாத் தலையணைகளையும் கொண்டுவந்து முன்னால் ஒன்பது, பக்கத்துக்கு ஒன்று என்று கோட்டை கட்டினேன். மொத்தம் பதினொன்று.

வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். "என்ன, கடை போட்டிருக்கே?"

"பாதுகாப்பு ஏற்பாடு."

"இமயமலையிலேருந்தா குதிக்கப் போறே? தரையிலேருந்து ஒரு சாண் உயரம்."

ஒரு சாண்தான். ஆனால் பாதம் நகரவில்லை. சாய்ந்தால் முகம் தலையணையில் புதைந்து மூச்சு முட்டியது, மீதி நேரம் எந்தத் தலையணை நழுவுகிறது என்று பார்ப்பதிலேயே போனது. கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். அவர் அந்தக் குவியலிலேயே சாய்ந்து மத்தியானத் தூக்கம் போட்டார். ஆக, ஏற்பாடு ஒருவருக்காவது பயன்பட்டது.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்தில் ஒரு அறிக்கை வந்தது. கூடவே படம். குழி, இரும்பு ஏணி, வேறொன்றுமில்லை. படத்தைப் பார்த்ததுக்கே உள்ளங்கை வேர்த்துப்போச்சு. வெறும் படம்! எவனோ இறங்குன ஏணி! என்னாச்சுடி உனக்கு? எத்தனை குழி பாத்தவ நீ?

கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து அந்த அறிக்கையில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன். அழுத்தித் திருத்தினேன்.

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வகுப்பு முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது தபால்காரர் கேட்டார். "ஏம்மா, லிஃப்ட் கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என் வேலை தெரிந்த எல்லாரும் கேட்கும் கேள்வி. எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னேன்.

"விழாது. அடியில ஒரு பிடி இருக்கு. வேகம் கூடினா தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சுக்கும்."

"அது பிடிக்கும்னு எப்படித் தெரியும்?"

"ஆள் இல்லாம வேகமா இறக்கி விட்டுப் பாப்போம். பிடிச்சாத்தான் சான்றிதழ்."

"அடேங்கப்பா! அப்ப விழுற மாதிரி விட்டுப் பாத்துட்டுத்தான் விழாதுன்னு சொல்றீங்களா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டார். நான் ஒரு காலில் செருப்போடு அங்கேயே நின்றேன்.

மார்ச் 19, புதன்

தலையணைகளைச் சோபாவுக்கும் கட்டிலுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு போர்வையை மட்டும் மடித்துப் போட்டு, வேண்டுமென்றே விழுந்தேன். நிற்பதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை. விழ மட்டும்.

முதல் சோதனை: முன்பக்கம். சத்தம் அதிகம், சேதம் இல்லை.
இரண்டு: இடப்பக்கம். முழங்கை லேசாகச் சிவப்பு.
மூன்று: முன்பக்கம், தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு. உருண்டுவிட்டேன்! ஒன்றுமே ஆகவில்லை!

"உள்ள என்ன உடைஞ்சுது?" சமையலறையிலிருந்து அவர்.

"ஒண்ணுமில்ல. நான் விழுந்துட்டிருக்கேன்."

"சரி சரி."

ஏழு தடவை. கடைசியில் மல்லாந்து கிடந்து தனியாகச் சிரித்தேன். இத்தனை நாள் நான் பயந்தது வலிக்கு இல்லை. கை நழுவினதுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த அரை வினாடிக்கு. அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு ஏழு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

நின்றேன்!!

"கீழ பாக்காதீங்க, எதிர்ல பாருங்க" என்று ரப்பர் சொல்லிக்கொண்டே இருந்தாள். எதிரில் தபால்காரரின் காலுறை. கட்டைவிரல் இடத்தில் ஓட்டை. அதையே பார்த்துக்கொண்டு சாய்ந்தேன். ஒரு கால் போனது. இன்னொன்றும் போனது. ஒன்று, இரண்டு, மூன்று — பொத்.

"இறங்கினீங்களா, விழுந்தீங்களா?" என்றாள் ரப்பர்.

"ரெண்டுக்கும் என்கிட்ட சான்றிதழ் இருக்கு" என்றேன்.

மார்ச் 27, வியாழன்

சனிக்கிழமை காகம் இன்றைக்குக் கோழி. பாதம் பழையபடி ஒட்டிக்கொண்டது. "அப்படித்தான் வரும் போகும்" என்கிறாள் ரப்பர். வந்தது ஏன் போகவேண்டும்?

மேலாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடிதம் இரண்டு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். ஒன்று மேசைக்கு, ஒன்று வெளிவேலைக்கு. மேசைக் கடிதம்தான் எழுத்து நன்றாக வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

காலையில் வகுப்பு இல்லை. கூடத்தில் ஒரு தடவை முயன்றேன். விழுந்தேன். குளித்துவிட்டு அலுவலகம் போய் வெளிவேலைக் கடிதத்தைக் கொடுத்தேன்.

"பயம் போயிடுச்சாம்மா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். போற வரைக்கும் உக்காந்திருந்தா எனக்கு ஓய்வு வயசு வந்துடும்."

ஏப்ரல் 2, புதன்

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருப்பது கிரீஸ். இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

ஆறு மாடிக் கட்டடம். காலி லிஃப்டை வேகமாக இறக்கினோம், நடுவழியில் கவ்விப் பிடித்தது. பிறகு குழியைப் பார்க்கவேண்டும். கூட வந்தவர், "நான் இறங்கட்டுமாக்கா?" என்றார். விளக்கை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். ஏணியின் முதல் படியில் காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். எதிர்ச் சுவரில் துருப்பிடித்த போல்ட் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். பார்க்கவேண்டியதைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன், ஏறி வந்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதும்போது ஏணிக்கு எத்தனை படி என்று ஒரு கட்டம் வந்தது. தெரியவில்லை. எண்ண மறந்துவிட்டேன்.