ஸ்கெல்லிர் நம் வீட்டில் சாப்பிட்டான்

அன்பு மகன் தோருக்கு, உன்னை வளர்த்த அம்மா லோரா எழுதுவது. இங்கே நானும் உன் விங்னிர் அப்பாவும் மாடுகளும் குளிர்காலத்தைத் தாண்டி சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே உன்னைப் பெற்ற ஓடினின் கூடத்தில் நீயும் உன் இரண்டு ஆடுகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. கடற்கழியில் பனிக்கட்டி உடைந்து முதல் படகு வந்துவிட்டது, அதில் தோல் வியாபாரி கௌட் வந்து நீ சொல்லி அனுப்பியதை எல்லாம் சொல்லிவிட்டு வடக்குப் பண்ணைகளுக்குப் போனான், இப்போது திரும்பி வந்து படகில் தோல்களை ஏற்றிக்கொண்டிருக்கிறான், அவன் கிளம்புவதற்குள் இந்த மரப்பட்டைச் சுருளை முடித்துக் கொடுக்க வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். "ஓடின் முன்னால் போய் நின்று என் சத்தியத்தை என்னால் நிறைவேற்ற முடியவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன், அம்மா வருத்தப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அப்படி எதையும் போய்ச் சொல்லிவைக்காதே கண்ணு. முதலில் இதைக் கடைசி வரை படி.

கௌட் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். நடுக்குளிர்கால விருந்தில் உன்னைப் பெஞ்சில் உட்கார விடாமல் அந்தக் கூடத்துப் பையன்கள், "நீ வாசலோரமா உக்காருப்பா, காத்து அடிச்சா கதவப் புடிச்சுக்க ஆள் வேணும்ல" என்று சிரித்திருக்கிறார்கள், ஓடினும் அவர்களைத் தடுக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். உனக்குக் காது வரை சிவந்திருக்கும், அது எனக்குத் தெரியாதா. உடனே எழுந்து போய் விருந்துக்குக் கொண்டுவந்த பன்றியின் முதுகில் கை வைத்து, கணவாயில் உட்கார்ந்து மேகத்தை மறிக்கிற ராட்சதன் ஸ்கெல்லிரை வசந்தகாலச் சபை கூடுவதற்குள் மல்லாத்தி அங்கிருந்து எழுப்புவேன், இல்லாவிட்டால் இந்தக் கூடத்தில் எனக்கு என்றைக்குமே இடம் வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டாய். பன்றி முதுகில் கை வைத்துச் சொன்னதை இதுவரை யாரும் திருப்பி வாங்கியதில்லை, செய்து முடித்திருக்கிறார்கள் அல்லது தலையைக் குனிந்துகொண்டு ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். இதைக் கேட்டு அப்பா கவலையில் தாடியைப் பிடித்துக்கொண்டார், நான் கவலைப்படவில்லை. இரண்டு கோடையாக இந்தப் பக்கம் மழையில்லாமல் பார்லி கதிர் பிடிக்காமல் கருகிக்கொண்டிருக்கிறது, யாராவது ஒருவர் அந்தக் கணவாய்க்கு ஏறித்தான் ஆக வேண்டும், அது என் மகன் என்றால் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சண்டைக்குக் கிளம்புகிறவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாமா? வெறும் வயிற்றோடு பனியில் ஏறிப் போய் அவன் கதவைத் தட்டியிருக்கிறாய், அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சண்டை எங்க ஓடிறப் போவுது, மொதல்ல உக்காரு தம்பி" என்று பானையை இறக்கி வைத்திருக்கிறான், நீயும் உட்கார்ந்து மூன்று நாள் அவன் கூரைக்கு அடியில் தின்று தூங்கி, நாலாவது நாள் வாயைத் துடைத்துக்கொண்டு வா வெளியே என்றிருக்கிறாய். அப்போதுதான் அவன் வயிறு குலுங்கச் சிரித்து, "சாப்பாடு போட்ட கைய முறிச்சுட்டுப் போயி ஓடின் கிட்ட என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டானாம். எவ்வளவு பெரிய கள்ளன் பார். ஒருவன் வீட்டில் சாப்பிட்டவன் அவன் மேல் கை ஓங்கக் கூடாது, அவனும் உன் வீட்டுக்கு வந்து அதே போலச் சாப்பிட்டுப் போகும் வரை அந்தக் கட்டு அவிழாது, இது மனிதருக்கும் தேவருக்கும் ராட்சதருக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் சத்தியம், ஒரு பக்கம் சாப்பாடு, நடுவில் நீ. இதைச் சொல்லி முடித்துவிட்டு கௌட் என் முகத்தைப் பார்த்தான். நான் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ராட்சதன் மலையை விட்டு இறங்கி நம் வீட்டுக்கு ஏன் வரப் போகிறான், அதுதான் எனக்கு வழி தெரியாமல் இருந்தது.

வழி தானாகவே நடந்து வந்தது. மலைப்பனியைக் காற்று வாரி இறைத்த ஒரு மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாறை நகர்ந்து வருவது போல இருந்தது, பார்த்தால் ஸ்கெல்லிர். உன்னை மடக்கிய சந்தோஷம் அவனுக்கு மலையில் கொள்ளவில்லை, யாரிடமாவது சொல்லிக்காட்ட வேண்டும் போலிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏம்மா, இதான அந்தச் செம்பட்டத் தலையன் வீடு? என்னத்தப் போட்டு வளர்த்தீங்க அவன? பானைக் கறியும் காலி, பாலாடைக்கட்டியும் காலி. சண்டைக்கு வந்தானா, பந்திக்கு வந்தானா?" என்று கத்தினான். "அப்ப பானை கழுவுற வேலை உனக்கு மிச்சம், அதுக்கு நன்றி சொல்லவா இவ்வளவு தூரம் இறங்கி வந்த?" என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் கூரையில் கிடந்த பனி சரிந்து அப்பாவின் தலையில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காத்துல நிக்காத, உள்ள வா, அடுப்புல கஞ்சி இருக்கு என்று கூப்பிட்டேன். அவன் சிரிப்பு நின்றது. "நீ எதுக்குக் கூப்புடுறன்னு எனக்குத் தெரியாதா? நான் உள்ள வந்து சாப்பிட்டா உன் பையனுக்குக் கட்டு அவுந்துரும்" என்றான். "தெரிஞ்சே வந்தா எனக்கும் நிம்மதி, ஏமாத்தி உக்கார வச்சேன்னு நாளைக்குப் பேச்சு வராது. அவுந்தா என்ன, பயமா?" என்றேன். "பயமா? எனக்கா? அந்த மீசை மொளைக்காத பயலுக்கா?" என்று மார்பைத் தட்டினான், ஆனால் வேலியைத் தாண்டவில்லை. காற்று அவன் கழுத்துக்குள் பனியை ஊதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டு, "கஞ்சில வெண்ணெய் போட்டிருக்கியா?" என்று கேட்டான். போட்டிருக்கிறேன் என்றேன். குனிந்து, முழங்காலில் தவழ்ந்து, நம் வாசல் வழியாக உள்ளே வந்தான். நிலைக்கட்டையில் தலையை இடித்துக்கொண்டான், அது நீ தினமும் இடித்துக்கொண்ட அதே இடம்.

மூன்று நாள் இருந்தான். உனக்கு அவன் போட்டதற்கு ஒரு வாய் கூடக் குறையக் கூடாது என்று புகையிட்ட ஆட்டுத் தொடை, காய்ந்த மீன், மோர், மது எல்லாவற்றையும் இறக்கினேன், விதைப் பார்லியை மட்டும் தொடவில்லை. அவன் சமையலை விட என் சமையல் நன்றாக இருக்கிறது என்று அவனே சொன்னான், நீ ஒரு நாளாவது அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முதல் நாள் சாப்பிட்டு முடித்து அடுப்போரம் குறட்டை விட ஆரம்பித்ததும் அப்பா கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பூனை மாதிரி வந்தார். "லோரா, கழுத்து இங்கதான் இருக்கு. ஒரே வெட்டு. தோருக்குக் கஷ்டம் தீர்ந்துச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியோடு குறுக்கே போய் நின்றேன். "மொதல்ல என்னைத் தாண்டுங்க. நம்ம வீட்டுக் கஞ்சியக் குடிச்சவன் கழுத்த வெட்டித்தான் நம்ம பையனுக்குக் கூடத்துல இடம் புடிக்கணுமா? அந்தப் பெஞ்சுல அவன் எப்படிங்க உக்காருவான்?" என்றேன். உடனே அடுப்போரத்திலிருந்து, "ஐயா, அந்தக் கோடாலியக் கொஞ்சம் தீட்டுங்க, இந்த மொண்ணைய வச்சு வெண்ணெய் கூட வெட்ட முடியாது" என்று குரல் வந்தது, பார்த்தால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அப்பா கோடாலியைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினார். மறுநாள் இரண்டு பேரும் பலகை ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள், தொடர்ந்து தோற்றதும் அப்பா காயை எல்லாம் கலைத்துவிட்டு நீ தொடைய வச்சு காய மறைச்சுட்ட என்று சண்டை போட்டார். நம்மோடு ஆடித் தோற்றால் என்ன செய்வாரோ அதையேதான் செய்தார்.

நாலாவது நாள் காலை அவன் கிளம்பினான். இதைக் கவனமாகப் படி, உனக்கு வேண்டியது இதில்தான் இருக்கிறது. விருந்தாளி கிளம்பும்போது வீட்டுக்காரர் கையில் ஒரு பரிசு கொடுத்தால் அது நட்பு, கட்டு மறுபடி விழுந்துவிடும். கொடுக்காவிட்டால் சாப்பாட்டுக்குச் சாப்பாடு சரியாகிவிட்டது, அவ்வளவுதான். மலைக்காற்றில் அவன் கை வெடித்து ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்து அந்த மூன்று நாளில் பேசிக்கொண்டே அவனுக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னியிருந்தேன், ஒவ்வொன்றும் மாவுச் சாக்கு அளவு. யாருக்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலியருகே நின்று இடைக்கச்சையை அவிழ்த்துக் கட்டி, மறுபடியும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு இருந்தான். என் கை இரண்டும் இடுப்பில் கட்டிய முன்துணிக்குள்ளே, கையுறையும் உள்ளே. அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப, ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டான். இல்லப்பா என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எல்லைக்கல் வரைக்கும் கூடவே நடந்து போய் அப்பாவைச் சாட்சியாக வைத்து, என் மகன் உன் வீட்டில் சாப்பிட்டான், நீ என் வீட்டில் சாப்பிட்டுவிட்டாய், இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கொருவர் விருந்தாளி இல்லை என்று சொன்னேன். "ஒத்துக்கிட்டேன். கணவாயிலதான் இருப்பேன், வரச் சொல்லு. இந்தத் தடவை பானையக் கண்ணுல காட்ட மாட்டேன்" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "நீ பயமான்னு கேக்காட்டியும் உள்ள வந்திருப்பேன்னு நெனைக்கிறேன், என்னை இதுக்கு முன்னாடி யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆக உன் கை இப்போது கட்டில்லாத கை. யாரிடமும் போய்த் தலை குனிய வேண்டாம், சபை கூடுவதற்குள் ஏறிப் போ.

கையுறையை கௌட்டிடம் கொடுத்து அனுப்புகிறேன், அது உனக்கல்ல. அவனை மல்லாத்திய பிறகு, நீயே கை கொடுத்து எழுப்பிவிட்டு, அப்புறம் கொடு. முன்னால் கொடுத்துவிட்டால் நான் செய்தது எல்லாம் வீண், புரிந்ததா. மல்லாத்துவேன், எழுப்புவேன் என்றுதான் நீ சத்தியம் செய்திருக்கிறாய், கொல்லுவேன் என்று சொல்லவில்லை, கோபத்தில் அதை மறந்துவிடாதே. கணவாய் இல்லாவிட்டால் வடக்கே அவனுக்கு வேறு மலை இல்லாமலா போகும். போகும்போது காலுறை ஈரமாக இருந்தால் மாற்றிக்கொள், அங்கே நின்றுகொண்டு வீரம் பேசாதே, பேச்சில் அவன் உன்னை விடக் கெட்டிக்காரன்.

இன்னொன்று. கடைசி நாள் நான் கேட்காமலேயே அவன் வடக்கு வயலுக்குப் போய், நம் ஏர் சுற்றிச் சுற்றிப் போகுமே அந்தப் பாறை, அதைத் தோண்டித் தூக்கிக் கழியில் கொண்டுபோய்ப் போட்டான். அவன் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் நான் வாசலில் நின்று பார்த்தேன். நிமிரும்போது எந்தக் காலை அவன் நம்பி ஊன்றவில்லை என்று பார்த்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுது, எந்தக் கால் என்று எழுது என்று என்னைப் பிடுங்குகிறார். எழுத மாட்டேன். அவன் என் விருந்தாளியாக இருந்தபோது என் வயலுக்காகக் குனிந்தான், அதை விற்று உனக்கு வெற்றி வாங்கித் தர எனக்கு மனசு வராது, உனக்கு அது தேவையும் இல்லை. அவன் அந்தப் பாறையை எவ்வளவு உயரம் தூக்கினான் என்று பார்த்தேன். ஆட்கள் உட்கார்ந்திருந்த படகை அப்படியே நீ கரைக்கு இழுத்துப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டு வந்து மறுநாளே விதைப் பார்லி முழுவதையும் அந்த வயலில் விதைத்துவிட்டேன். பக்கத்துப் பண்ணை ஆஸா வேலியில் சாய்ந்துகொண்டு, "பைத்தியமா லோரா உனக்கு, மழையில்லாத மண்ணுல கொண்டு போய்க் கொட்டுற?" என்றாள். மழைக்கு ஆள் அனுப்பியிருக்கேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைப் பெற்றவள் மண், அவள் உன் காலடியில் உறுதியாக இருக்கட்டும், உன் முதுகு வளையாமலும் மனசு கோணாமலும் இருக்கட்டும். ஆடுகளுக்கு உப்பு வைக்க மறக்காதே. இந்த வருஷம் வயலில் பாறை இல்லை, விளைச்சல் கூடுதலாக இருக்கும், அப்பாவும் நானும் மட்டும் அறுத்து மாளாது, அறுப்புக்கு வந்து சேர்.

உன் அம்மா,
லோரா