மூன்றாம் அடிக்கு முன் ஓர் இருமல்

மார்ச் 4

தம்பிக்கு,

அம்மாவுக்கு மூச்சுத் திணறல் பழையபடிதான். ஆக்சிஜன் குழாயை மூக்கில் செருகினால், "நான் என்ன சைக்கிள் டியூபா?" என்று கேட்கிறாள்.

பத்திரிகையில் நீ எழுதியதை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். ஆலைத் தொழிலாளியின் பாட்டைப் பாடிய அந்தப் பாடகன் ஆலையில் வேலையே பார்த்ததில்லை, வக்கீல் வீட்டுப் பிள்ளை, பாட்டின் மூன்றாம் அடிக்கு முன்னால் வரும் இருமலைக்கூட நாலு தடவை இருமிப் பார்த்து, நன்றாக வந்ததைச் சேர்த்தார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா பத்திரிகையை மடித்தாள். அந்தப் பாட்டின் கேசட்டைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள். அதோடு சரி, பிறகு பாட்டைக் கேட்கவே இல்லை.

"படிச்ச பிள்ளை. விசாரிக்காம எழுதுவானா?" என்கிறாள்.

உனக்கு நினைவிருக்கும். மெத்தைக் கம்பெனியில் பஞ்சு அடைக்கும் கூடத்தில் அந்தப் பாட்டுதான் ஓடும். இருமல் வரும் இடத்தில் நாற்பது பெண்களும் சேர்ந்து இருமுவார்கள். மேற்பார்வையாளரின் முகம் போன போக்கை அம்மா வீட்டில் நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு நிஜ இருமலே வந்துவிடும்.

இரண்டே வரி எழுது. கேளும்மா என்று. நீ சொன்னால்தான் கேட்பாள்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நீ கேட்பதை என்னால் எழுத முடியாது. கோபித்துக்கொண்டாலும் சரி.

இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் தூங்குவதற்காக அம்மா பஞ்சு அடைத்தாள். அவள் படுத்தது பாயில். அந்தப் பஞ்சு இப்போது அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். கம்பெனியில் போய்க் கேட்டதற்கு, "வீட்டில் விறகடுப்பா?" என்றார்கள். அந்த இருமலை ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்து விற்றிருக்கிறான். கேசட் உறைப் படத்தில் கிழிந்த சட்டையோடு நிற்கிறான். பாட்டைப் பதிவு செய்தவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சட்டையும் இரவல்தான் தம்பி."

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? அம்மாவை ஏமாற்றியவன் அவன். நான் இல்லை.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நீ எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

டாக்டர் இனி வாரக்கணக்கில்தான் என்கிறார். அம்மா பீரோவைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள். சட்டை இரவல் என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு கேசட். அதைப் பிடுங்கிக்கொண்டு நீ என்ன கொடுத்தாய்?

அக்கா

மார்ச் 29

அம்மாவுக்கு,

நேற்று அறையில் அந்தப் பாட்டைப் போட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். இருமல் வந்தபோது அந்தப் பாடகன் முகம் என் கண்ணில் வரவில்லை. நான் சின்னப் பையனாகக் கம்பெனி வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறேன். புருவமெல்லாம் பஞ்சோடு நீ வெளியே வருகிறாய். என்னைத் தொடுவதற்கு முன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாய். பாட்டை மூன்று தடவை கேட்டேன்.

அவன் எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். நல்ல பாட்டும்மா. பத்திரிகையில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். எடுத்துப் போட்டுக் கேளும்மா.

உன் மகன்

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ வந்திருந்த அன்று, கூட்டத்தில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு கேசட்டை எடுக்கச் சொன்னாள். அந்த இடம் நெருங்கியதும் மூக்குக் குழாயை விலக்கிவிட்டு, அவன் இருமுவதற்கு முன்னால் இவள் இருமினாள். ஓங்கி. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அவன் இருமினது கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப சரி. திருப்பிப் போடு."

நாலு நாள் அப்படித்தான் கேட்டாள். நான் தடுத்தால், "இது ஒண்ணும் வேஷம் இல்லடி, விடு" என்பாள். ஐந்தாம் நாள் காலையில் பாட்டைப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவன் இருமியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

காரியம் முடிந்து பஸ் ஏறும்போது கேசட்டைக் கேட்டாய். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல பாட்டுதான். நீ கேள். என்னால் முடியவில்லை.

அக்கா