எறிய மனம் வராத புத்தகம்

"எங்கட வீடுகளில ஒருத்தரும் எறியாத புத்தகம் எது, சொல்லும் பாப்பம்?"

வெள்ளவத்தைக் கடலோர வீதியின் மதில்கட்டில் குந்தியிருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டு நீர் என்னிடம் இப்படிக் கேட்டீர். நான் பஞ்சாங்கம் என்றேன். "வருசம் முடிய எறியிறமே" என்றீர். அகராதி என்றேன். "அது இப்ப போனுக்குள்ள வந்திட்டுது. என்ரயைப் பழைய பேப்பர்காரனிட்டப் போட்டாச்சு." பள்ளிக்கூடப் புத்தகம், சமையல் புத்தகம், சோதிடம் என்று நான் சொன்னதையெல்லாம் கணக்கு ரீச்சருக்கே உரிய திருப்தியோடு ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு விடையைச் சொன்னீர்.

"கல்வெட்டு."

ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியன்று, சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது வந்தவர்களின் கையில் கொடுக்கிறோமே, அந்த நினைவு மலர். அட்டையில் போனவரின் படம், உள்ளே தோத்திரப் பாடல்கள், குடும்ப விவரம், நாலு பேர் எழுதிய இரங்கல்.

"முகத்தைப் பாத்துக்கொண்டு ஆர் எறியிறது? சாமிப் பாட்டு வேற இருக்கு. என்ர அலுமாரியில ஒரு தட்டு முழுக்க அதுதான். எறியவும் மாட்டம், வாசிக்கவும் மாட்டம்." கச்சான் கோதை ஊதிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்: "என்ர நாவலை என்ர கல்வெட்டா அடிக்கப் போறன். பிறகு ஒருத்தரும் எறிய ஏலாது. கரண்ட் இல்லாத ஒரு நாளில ஏதோ ஒரு வீட்டில ஒரு பிள்ளை எடுத்து விரிக்கும்."

"விசரோ உமக்கு? உம்மட கல்வெட்டை நீர் அடிக்க ஏலாது."

"அதுக்குத்தானே உமக்குச் சொல்லுறன்."

உமக்கு மருந்தால் மாறாத வருத்தம் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கதைப்பதில்லை என்று, பேசி வைக்காமலே முடிவு செய்திருந்தோம். அதனால் நான் கச்சான் சுருளை உம்மிடமிருந்து பறித்துக்கொண்டு, வேறு ஏதோ கதைத்தேன்.

இப்போது அந்த நாவலின் கடைசி அத்தியாயம் என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து திருத்துவதற்கு வந்த தாள்கள். மை மணம் வீடு முழுக்க நிற்கிறது. விசிறியைப் போட்டால் கூடுகிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. மற்ற அத்தியாயங்களை எல்லாம் திருத்தி அனுப்பிவிட்டேன். மத்தியானத்திலிருந்து அச்சகக்காரர் போன் எடுத்துக்கொண்டிருக்கிறார். "ரீச்சர், நாளைக்கு மெசின்ல ஏத்தணும். அந்தக் கடைசித் தாளும் முன்பக்க மடலும்தான் உங்ககிட்ட நிக்குது. அந்தியேட்டிக்கு புக் வேணுமா வேணாமா, அதச் சொல்லுங்க." வேணும் என்கிறேன். வைத்துவிட்டு எழும்பி பல்கனிக்குப் போகிறேன். திரும்பி வந்து இருக்கிறேன். தேத்தண்ணீர் ஊற்றி வைத்தது ஆறிப்போய்விட்டது. தாளைத் திருப்ப வரவில்லை. அதனால் உம்முடைய மலரின் முன்பக்கத்துக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட இந்த மடலை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக, நீர் எழுதிய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீர் இருந்தால், "நீர் சொன்னா அரைவாசிச் சுவை போயிடும்" என்பீர். பரவாயில்லை.

கொட்டாஞ்சேனையில் இரண்டு இரும்புக் கடைகளுக்கு நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய ஒரு கதவு. உள்ளே, கூரை எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு நூலகம். ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோகிறவர்கள், தாங்கள் நிறுத்திய பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நூலகத்தை ஆளும் மந்திரவாதி அவர்களை வெளியே எடுத்துத் தூசு தட்டவும், ஏணி பிடிக்கவும், இரவல் சீட்டு எழுதவும் வைத்திருக்கிறான். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து உயிரோடிருக்கும் ஒருவர் மிச்சத்தை வாசித்து முடித்தால் அவர்களுக்கு விடுதலை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கும் மந்திரவாதி ஒரு கட்டுப் போட்டிருக்கிறான். அங்கே வந்ததும் வாசிப்பவருக்கு நித்திரை வந்துவிடும். பதின்னான்கு வயது ஆரணி அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்க்கிறாள்.

மந்திரவாதி யார் என்று எனக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகங்களின் பின்பக்கத்தில் இருக்கும் விடைகளை ஸ்டேப்ளர் அடித்துப் பூட்டி வைத்தவர் நீர் ஒருவர்தான். பிள்ளை செய்முறையைக் காட்டினால், ஊசி ஒன்றைக் கழற்றிவிடுவீர்.

"அந்தச் சூனியக்காரன் நீர்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், வேற ஆர்?"

போனில் ஒற்றை விரலால் எழுதினீர். எழுதியதை மாலையில் அந்த மதிலில் இருந்து எனக்கு உரத்து வாசித்தீர். ரயில் வந்தால் விரலை உயர்த்தி நிறுத்துவீர். பெட்டிகள் போய் முடியும்வரை ஆரணி ஏணியில் தொங்கிக்கொண்டிருப்பாள். தமிழ் தெரியாத கச்சான்காரர் ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்து, உம்முடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீர் நிறுத்தியதும், "ஈட்ட பஸ்ஸே, டீச்சர்?" என்றார். அதுக்குப் பிறகு என்று சிங்களத்தில் கேட்கிறார்; கதை அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. நீர் அதுவரை வந்த கதை முழுவதையும் அவருக்குச் சிங்களத்தில் சொன்னீர். அவர் இன்னொரு சுருள் கச்சானை உம்முடைய மடியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் இந்த வகைக் கதையில் நம்பிக்கை இருக்கவில்லை. மந்திரம் என்றால் நினைத்ததெல்லாம் நடக்குமே, பிறகு கதைக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீர் கோபித்துக்கொண்டீர். "மந்திரமெண்டாலும் விதி வேணும். விதியில்லாட்டி அது களவு. பிள்ளையள் உடன பிடிச்சிடுவினம்." ஆரணி ஒரு கதவைத் திறக்கவேண்டும் என்றால் நீர் நாலு நாள் யோசிப்பீர். நான் சும்மா திறக்கச் சொல்லுவேன். பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல நீர் என்னைப் பார்ப்பீர்.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி போட்டீர்: கடைசி அத்தியாயம் முடிஞ்சுது. அடுத்த நாள் வந்தேன். வாசியும் என்றேன். "மூச்சு வாங்குதப்பா. பிறகு." போனை என்னிடம் நீட்டினீர், நீரே வாசியும் என்பதுபோல. உம்முடைய குரலில்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிறகு வரவில்லை.

உம்முடைய மகள் வாணி ரொறொன்ரோவிலிருந்து வந்து எல்லாவற்றையும் தானே பொறுப்பெடுத்துச் செய்தாள். கல்வெட்டைப் பற்றிய உம்முடைய விருப்பத்தையும் கதையையும் சொன்னதும் என்னையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்ரி, சீரியஸாத்தான் சொல்லுறீங்களோ? அந்தியேட்டிச் சாப்பாட்டில வச்சு சூனியக்கதை குடுக்கிறதோ?"

"படமும் பாட்டும் முன்னுக்குப் போடுவம் பிள்ளை. கதை பின்னுக்கு."

"எங்க போட்டாலும் கதை அதுதானே. அம்மாவைப் போகவிடத்தான் ஐயர் வாறார், சடங்கு செய்யிறம். இந்தக் கதையில செத்த ஆக்கள் போகாமல் அலுமாரிக்குள்ள நிக்கினம். ஒரு மந்திரவாதி அவையைக் கொண்டு ஏணி பிடிப்பிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு அன்ரி."

நான் வாதாடவில்லை. அவளுடைய பயம் சின்னப் பயமில்லை. பல்லி என்றால் பயப்படும் பிள்ளைக்குப் பல்லி நல்லது என்று சொல்லிப் பிரயோசனமில்லை. கிட்ட இருந்து பார்க்க நேரம் கொடுக்கவேண்டும். பிடிக்காது என்கிற பிள்ளையின் மேசையில் புத்தகத்தை வைத்துவிட்டுப் பேசாமல் நடந்துவிடுவது வகுப்பில் என்னுடைய பழக்கம். அச்சடித்து வந்த அத்தியாயங்களை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாலை அவளே போன் எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் விளங்கவில்லை. "அன்ரி, அந்த மந்திரவாதி கதைக்கிறது முழுக்க அம்மா! புத்தகத்தைக் கவிட்டு வைக்காத, முதுகு முறியும் எண்டு பேய்களை ஏசுறார்." மூக்கை உறிஞ்சினாள். "அடியுங்கோ. ஆனா நான் கடைசி அத்தியாயம் வாசிக்க மாட்டன்."

"ஏன் பிள்ளை?"

"வாசிச்சு முடிச்சா, பிறகு அம்மாவிட்ட இருந்து எனக்குப் புதுசா ஒண்டும் வராது."

அம்மா போகமாட்டாளோ என்று பயந்தவள் இப்போது போய்விடுவாளோ என்று பயந்தாள். அவள் சொல்லி முடித்த கணத்திலிருந்து எனக்கும் அதே வருத்தம் பிடித்துவிட்டது. தமிழ் படிப்பித்தவள், ஆயிரம் கட்டுரை திருத்தியவள், இருபது பக்கத் தாளுக்குக் கிட்டப் போகமாட்டாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அச்சகக்காரர் மறுபடியும் எடுக்கிறார். வாசிக்காமல் பிழையோடு அடிக்கட்டும் என்றும் ஒரு நினைப்பு வருகிறது. நீர் விடமாட்டீர்.

இதற்குக் கீழே இருப்பது மறுநாள் எழுதியது.

காலையில் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வாணி பிட்டுக்குத் தேங்காய்ப்பூத் துருவிக்கொண்டு குசினியில் நின்றாள். உம்முடைய கணவர் என் கையில் இருந்ததைக் கண்டதும் கண்ணாடியைத் தேடினார். பிறகு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீங்கள் வாசியுங்கோ ரீச்சர். நான் கேக்கிறன்."

"நான் வாசிக்க மாட்டன் எண்டு சொன்னனான்" என்றாள் வாணி குசினியிலிருந்து.

"உன்னை ஆர் வாசிக்கச் சொன்னது? நீ தேங்காயைத் திருவு" என்றார் அவர்.

வாசித்தேன். ஆரணி ஒரு மூதாட்டி நிற்கும் புத்தகத்தை எடுத்துத் தனியே வாசிக்கிறாள். கடைசிப் பக்கத்துக்கு முன் நித்திரையாகிவிடுகிறாள். முகத்துக்குத் தண்ணீர் அடித்துப் பார்க்கிறாள், நின்றுகொண்டு வாசிக்கிறாள், நித்திரைதான். பிறகு அவளுக்கு விதி பிடிபடுகிறது. மந்திரவாதி கட்டியது ஒருவர் தனக்குள் வாசிக்கும் வாசிப்பை. இரண்டு பேர் இருந்தால் அவன் கணக்குப் பிழைக்கும். அவள் ஓடிப்போய் இரும்புக் கடையில் கணக்கெழுதும் தன் மாமியை இழுத்து வந்து பக்கத்தில் இருத்தி, உரத்து வாசிக்கத் தொடங்குகிறாள். மூதாட்டி தான் நின்ற தாளிலிருந்து இறங்கி, "என்ர செருப்பு எங்க?" என்று கேட்கிறாள்.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. எத்தனையோ பெரிய இடங்களைக் கடந்து வந்தவள், அந்தச் செருப்பில் போய் நின்றேன். எங்கே போனாலும் வெளிக்கிடும்போது நீர் கேட்கிற கேள்வி அது.

துருவலைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது. தேங்காய்ப் பூ ஒட்டிய விரல்களோடு வாணி வந்து தாள்களை என் கையிலிருந்து எடுத்தாள். நின்றபடியே வாசித்தாள். முதல் வரியில் குரல் கீறியது, பிறகு நேராகியது. மூதாட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுக் கதவால் வெளியே போய், குடையை விரித்து, நீர் நம்பரோடு எழுதியிருக்கும் ஒரு பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போகிறாள். அவ்வளவுதான். வாணி கடைசி வரியை வாசித்துவிட்டு, தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு உம்முடைய கணவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த நம்பர் பஸ் வெள்ளவத்தைக்கு வராதே."

"அப்பா! அது மந்திர பஸ்."

"மந்திரமெண்டாலும் விதி வேணுமெண்டு கொம்மாதானே சொல்லுறவ."

வாணி சிரித்த சிரிப்பில் தாள்கள் கையிலிருந்து விழுந்தன. அவர் சிரிக்க முயன்று முடியாமல் முகத்தைத் துடைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறா" என்றார். உம்மோடு வாழ்ந்த காலம் முழுவதிலும் அவர் உம்முடைய எழுத்தில் ஒரு வரிகூட வாசித்ததில்லை என்று நீர் குறைப்பட்டுக்கொள்வீர். இப்போது காதால் கேட்டுவிட்டார்.

பஸ் நம்பரை நான் திருத்தவில்லை. வேறு சில எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் என் கையாலேயே கொடுத்தேன். அச்சகக்காரர் கும்பிட்டு, இந்த மடலுக்கு இரவு வரை நேரம் தந்தார்.

மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். வரும் வழியில் பஸ்ஸில் இருக்கும்போதே உம்மிடம் கேட்க ஒரு கேள்வி வந்தது: மூதாட்டி வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று ஆரணி ஏன் கேட்கவில்லை? மறந்தீரோ, வேண்டுமென்று விட்டீரோ? போனைக் கையில் எடுத்தேன், பிறகு பையில் போட்டேன். இரண்டு விடைகள் யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்குத் திருப்தியில்லை. வாணி மூன்றாவது ஒன்று சொல்கிறாள். இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நீர் எனக்கு விட்டுப்போன வேலை போலிருக்கிறது. செய்கிறேன்.

இந்த மலரைக் கையில் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். கடைசி அத்தியாயம் வந்ததும் தனியே வாசிக்காதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, உரத்து வாசியுங்கள்.