படகுக்கு ஒரு டோக்கன்

ஜெகதாப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, கரையில் இருக்கும் ஆவுடையாள் எழுதிக்கொண்டது.

நானும் உங்கள் சேவலும் சுகம். இலங்கைச் சிறையில் நீங்கள் இளைத்துவிட்டதாக ஷர்லியிடம் வக்கீல் சொன்னாராம். இளைத்தால் நல்லதுதான். போன தீபாவளிக்கு எடுத்த சட்டைக்கு இனிமேல் பொத்தான் போடலாம். இந்தக் கடிதமும் அந்த வக்கீல் கையில்தான் வருகிறது. உங்களைப் போனில் பேச விடமாட்டார்கள் என்பதால் என்னைப் பேனா பிடிக்கும்படி ஆக்கிவிட்டார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து விளங்காவிட்டால், ஷர்லி வீட்டுக்காரர் ஜஸ்டின் தம்பி அங்கே உங்களோடுதானே இருக்கிறார், அவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் நீங்களே படியுங்கள்.

முதலில் சிரிக்கிற சேதி. என் மேலும் கேஸ் வரும்போல் இருக்கிறது. பயப்படாதீர்கள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் போன கேஸ்தான், கப்பல் படையெல்லாம் வரவில்லை.

அங்கே உள்ளே இருக்கிற உங்களை எல்லாம் விடச் சொல்லி மெட்ராசில் மனுக் கொடுக்க ஷர்லி பெண்களைச் சேர்த்தாள். நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். இறால் கம்பெனியில் அன்றைக்கு லோடு. ஆனால் விடியும் நேரத்தில் படுக்கை கொள்ளவில்லை. ஷர்லியை நம்பி அனுப்பினால் அவள் தன் வீட்டுக்காரரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவாளோ என்று தோன்றிவிட்டது. எழுந்து ஓடினால் வேன் போய்விட்டது. ஒரு மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. ஷர்லி வாசலில் நின்று கையை நீட்டினாள். டிக்கெட் என்ன செய்வது என்று கேட்டேன். "டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சு, மொத ஏறுக்கா" என்றாள்.

எடுத்தாச்சு என்றால் எனக்கும் சேர்த்துத்தானே என்று இருந்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள் மாமா. நம் கரையில் கடலுக்குப் போகிற படகுக்கு மீன்துறை ஆபீசில் ஒரு டோக்கன்தானே வாங்குகிறோம். அதை டிரைவர் வைத்திருப்பார். கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறுகிறவனிடம் உன் டோக்கன் எங்கே என்று யார் கேட்டார்கள்? நீங்களே எத்தனை தடவை சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி ஏறியிருக்கிறீர்கள். ஷர்லி கையிலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சீட்டுத்தான் இருந்தது. ரயிலும் நம் படகு மாதிரிதான் என்று நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சி நெருங்கும்போது டிடிஆர் வந்தார். சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சீட்டில் நாலு பேர், ஆள் அஞ்சு. "யாரும்மா அந்த அஞ்சாவது ஆளு" என்றார். என் வாய் சும்மா இருக்குமா. "எங்கள்ல யாரைப் பாத்தா அஞ்சாவது மாதிரி இருக்கு, நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். எதிர் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்கு மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. டோக்கன் கதையை அவரிடமும் சொன்னேன். பாவம், முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இது ரயிலும்மா, தலைக்கு ஒரு டிக்கெட்டு. சார்ஜையும் அபராதத்தையும் கட்டிட்டு ஒக்காருங்க" என்றார்.

ஷர்லி உடனே சுருக்குப்பையை அவிழ்த்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கட்டுனா நான் தப்புப் பண்ணேன்னு எழுதுவீங்களா" என்று அவரைக் கேட்டேன். டிக்கெட் இல்லாமல் வந்தவரை வேறு எப்படி எழுதுவது என்றார். "அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா" என்று ஷர்லி திட்டிக்கொண்டே என்னோடு இறங்க வந்தாள். நீயும் இறங்கினால் மனுவை யார் கொடுப்பது, போய் என் வீட்டுக்காரர் பேரையும் ஞாபகமாகச் சொல்லு என்று அவளை உள்ளே தள்ளினேன். ரயில் போய்விட்டது. உங்களுக்காகக் கிளம்பியவள் மெட்ராசைக் கண்ணால் பார்க்கவில்லை.

ரயில்வே போலீசில் ஒரு பெண் போலீஸ், டீ வாங்கிக் கொடுத்துப் பேர் எழுதினாள். வீட்டுக்காரர் எங்கே என்றாள். சிறையில் என்றேன். என்ன கேஸ் என்றாள். எல்லை தாண்டியது என்றேன். "குடும்பமே இப்படித்தானாக்கா" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். கூப்பிட்டால் வருவேன் என்று மட்டும் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். கேஸ் போடுவதா வேண்டாமா என்று மேலே இருக்கிறவர் சொல்வாராம், போட்டால் கூப்பிடுவார்களாம். கூப்பிடாவிட்டால் கேஸ் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலேயே டிக்கெட்டை எடுத்து எடுத்துக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஊருக்கு வந்தால் இங்கே அதற்கு மேல் குழப்பம். சங்கத்துப் பிச்சை அண்ணன், "ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வா புள்ள, டீ குடிக்கிற நேரத்து வேலை" என்கிறார். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன், ஒத்துக்கொண்டால் ஆதாரில் ஏறிவிடும், ஆயுசுக்கும் போகாது என்கிறார். கம்ப்யூட்டர் கடை கணேஷ் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க பேர்ல ஒண்ணும் காட்டலயேம்மா" என்கிறான். கேஸ் இருக்கிறதா, இல்லையா, இனிமேல்தான் பிறக்குமா, ஒன்றும் தெரியாமல் இறாலில் தலையை வைத்துக்கொண்டு உடம்பைக் கிள்ளி எறிந்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன். திலகவதிக்கு இன்னும் சொல்லவில்லை. புருஷன் வீட்டில் இருக்கிற பெண்ணிடம், அப்பா அங்கே, அம்மா இங்கே என்று எப்படிச் சொல்வது?

ஷர்லி மனுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஜஸ்டின் தம்பி பேருக்கு முன்னால் உங்கள் பேரைச் சொன்னாளாம். அவளைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். காகிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

இனிமேல் வருவதைத்தான் நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெண் போலீஸ் போன் செய்தாள். வருகிற வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வர வேண்டுமாம். "ஒத்துக்கிட்டீங்கன்னா அபராதம் கட்டிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போயிரலாங்க்கா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் இதே பேச்சை நாம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறோம்.

முதல் தடவை உங்களைப் பிடித்தபோது, ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அந்த இலங்கைக் கோர்ட்டில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டீர்கள், வந்தீர்கள். நான் கோழி அடித்தேன். மறுபடி எல்லை தாண்டினால் உள்ளே என்று அதிலேயே எழுதியிருந்ததை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அதை வைத்துத்தானே உங்களுக்குத் தண்டனை போட்டார்கள். உங்களோடு பிடிபட்ட புது ஆட்கள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். படகு ஓட்டியவர் என்று ஜஸ்டினையும், பழைய ஆள் என்று உங்களையும் வைத்துக்கொண்டார்கள். ரயிலில் என் நாக்கு வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். அது நேற்றுத்தான் எனக்கு விளங்கியது.

உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்றால் இது உங்கள் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். அதனால் நானே யோசித்தேன். நான் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? மறுபடி டிக்கெட் இல்லாமல் ஏறினால்தான் அந்தக் கையெழுத்து என்னைக் கடிக்கும். நான் ஏறப் போவதில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை பேரைக் கேட்டோம் என்று சிரிப்பு வந்தது. அப்புறம் உங்கள் நினைப்பு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் போகிறேன் மாமா. ஏறினது உண்மை, தெரியாமல் ஏறினேன், இனி இப்படி ஏறமாட்டேன் என்று கூண்டில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். போகும்போது டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போவேன், சிரிக்காதீர்கள்.

ஐஸ் கம்பெனியில் இரண்டாவது மிஷினுக்கு ஆள் தேடுகிறார்கள். கரை வேலைதான். நீங்கள் வருகிறவரை பொறுக்கிறோம் என்றும் சொன்னார்கள். சும்மா காதில் போட்டுவைக்கிறேன்.

நான் கோர்ட்டில் சொல்லப்போகிற மாதிரி ஒரு வார்த்தையை நீங்களும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். என்ன வார்த்தை என்று நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். வக்கீல் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், எத்தனை நாளானாலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆத்தா மாரியம்மன் உங்களை முழுசாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சீட்டில் பேர் இல்லாமல் ஏறிய உங்கள் அஞ்சாவது ஆள்,
நா. ஆவுடையாள்