அப்பாவின் தாடை

வெள்ளவத்தை, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க இருமல் குறைஞ்சிருக்கா? அம்மா சுகமா?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. உங்களை மாதிரியே முன்னால நீண்டிருந்த தாடையை வெட்டிப் பின்னால நகர்த்தி, சின்னச் சின்ன பிளேட் வச்சு ஸ்குரு முடுக்கியிருக்காங்க. எலும்பு ஒட்டும்வரை கஞ்சிதான். மூணு வேளையும் குடிச்சுக் குடிச்சு கஞ்சிக் கடல்ல மிதக்கிற மாதிரியே இருக்கு.

நேத்து செக்பாயின்ட்ல ஆமிக்காரர் அடையாள அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்துல இருக்கிற மாதிரி தாடையை நீட்டிப் பார்த்தேன், வரல. ஆபரேஷன் நடந்ததுன்னு எழுதின ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் காட்டினதும் விட்டுட்டார். டொக்டர்கிட்ட சொன்னேன். "அப்படின்னா பிளேட் நல்லா பிடிச்சிருக்கு"ன்னு சிரிச்சார்.

ரயில் போறப்பல்லாம் அறைக் கண்ணாடி லேசா ஆடும். முன்னெல்லாம் அதுல நீங்க நிக்கிற மாதிரி இருக்கும். இப்ப யாரோ ஒருத்தி நிக்கிறா.

உங்க போட்டோ ஒன்னு அனுப்புங்க. பக்கவாட்டுல நின்னு எடுங்க.

தபால் எடுக்கிற நேரமாச்சு, ஓடுறேன்.

உங்க மகளேதான்,
யோகராணி