பெட்டி வேண்டாம், சிலேட்டு

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பாடநூலிலிருந்து ஒரு கத்தை பஸ் டிக்கெட் விழுந்தது. எல்லாம் செந்துறை–அரியலூர் டிக்கெட். பின்பக்கம் உன் கோழிக் கிறுக்கல்: பெட்டி, டப்பா, கூடை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அடித்தல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் நாம் இருவரும் கணக்கு டீச்சர்களாக இருந்த பெண்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆங்கிலக் கட்டளைகளைக் கண்டு பிள்ளைகள் மிரண்டார்கள். "தமிழ்லயே ஒரு கம்ப்யூட்டர் மொழி செஞ்சிடுவோம்டி" என்றாய், ஏதோ அடை சுடப் போவதுபோல. மூன்றே மாதத்தில் செய்தும் விட்டாய். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தால் மெஷின் கேட்டது. ஓர் எண்ணை வைத்திருக்கும் இடத்துக்கு 'பெட்டி' என்று பெயர் வைத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார், பிள்ளைகள் தாங்களே இயக்கிக் காட்டாவிட்டால் கம்ப்யூட்டர் திருச்சிக்குப் போய்விடும் என்றார் தலைமையாசிரியை. திங்களன்று பிள்ளைகள் பெட்டியில் ஐந்தைப் போட்டார்கள், பிறகு மூன்றைப் போட்டார்கள். திரையில் மூன்றுதான் இருந்தது.

"எட்டுல்ல டீச்சர் வரணும்? மெஷின் ரிப்பேரா?"

எத்தனை தடவை சொல்வது என்று நான் கத்திவிட்டேன். நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாய். "அதுங்க மேல தப்பில்லடி. பெட்டில போட்டது பெட்டில இருக்கும்ல? நாமதான் தப்பாப் பேரு வச்சுட்டோம்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று பஸ் ஏறும்வரை உன்னோடு பேசவில்லை.

நீ அதைச் சட்டையே செய்யவில்லை. பஸ்ஸில் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்துக்கொண்டாய். "ஒண்ணுதாங்க வைக்கலாம். புதுசு வந்தா பழசு போயிரணும். அப்படி என்னங்க இருக்கு?" கண்டக்டர், "இந்த பஸ்ல என் சீட்டுதாம்மா" என்றார். அதையும் எழுதிக்கொண்டாய். வெங்காய மூட்டையோடு இருந்த அக்காதான் கொஞ்சம் யோசித்து, "எங்க வூட்டுல சிலேட்டு கெடக்கு. பழசை அழிச்சாத்தான் புதுசு எழுத முடியும். அதையா கேக்குற கண்ணு?" என்றார். நீ துள்ளி எழுந்ததில் தலை கம்பியில் இடித்தது. வலிகூடத் தெரியாமல் சிரித்தாய். என் கோபம் எங்கே போனதோ, நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஒரு பிள்ளையிடம் கேட்டார்: "முதல்ல போட்ட அஞ்சு என்னாச்சும்மா?"

"அது சிலேட்டுங்க சார். மூணு எழுதுனப்பவே அஞ்சு அழிஞ்சிருச்சு."

கம்ப்யூட்டர் நம்மிடமே தங்கியது. ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு டீச்சர்களும் குதித்த குதியில் மேஜை மைக்கூடு கவிழ்ந்தது.

இன்றும் எதற்காவது பெயர் வைத்தால், விஷயம் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். நீ போனபின் எத்தனையோ பேர் வந்து பழகினார்கள். ஒருவராலும் நீ அழியவில்லை. நீ அடித்துப்போட்ட அந்தப் பெட்டியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேனடி. எனக்குள் நீ இருக்கும் இடத்துக்கு அதுதான் சரியான பெயர்.